மேசைக்குக் கீழே ஒரு சோடி

புதுக்கடை நீதிமன்றத்தில், நீதவானுக்கு முன்னால் இருந்த மேசையில், அந்த ஃபின்ஸ் இரண்டும் பொலித்தீன் பைக்குள் கிடந்தன. சுழியோடுகிறவர்கள் நீந்துவதற்குக் காலில் போடுகிற, மீன் வால் போன்ற நீளமான கறுப்பு ஃபின்ஸ். சப்பாத்துப் போலக் கால் முழுவதையும் உள்ளே விட்டுப் போடுகிற வகை. இடது காலின் அடியில் விலைச் சிட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது என் கையெழுத்து. ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு போடுகிற பழக்கம் எனக்கு. கடலுக்குள் ஒரு மனிதனின் உயிர் போய்விட்டது, என் சிட்டை போகவில்லை. என்ன கோதாரிப் பசையோ தெரியவில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருக்கிற விளையாட்டுச் சாமான் கடையொன்றில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறேன். என் பெயர் ஜெகதீஸ்வரி. கடைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, ஒழுங்கை முடிந்தால் தண்டவாளம், தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். அந்தக் கடலில் நான் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனால் சுழியோடப் போகிற ஆட்கள் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சாமான் வாங்குவார்கள். எந்தக் காலுக்கு எது, எந்தக் கடலுக்கு எது என்று நான் சொன்னால் சரியாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் உண்டு, ஏன் மறைப்பான்.

அந்த ஃபின்ஸை வாங்கின ஜனா கடைக்கு வந்தது பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு. முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். கண்ணாடி. போனில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்திருந்தார். இப்படிக் குறித்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒன்றுக்கு ஒன்பது கேள்வி கேட்பார்கள்.

"கரையில இருந்து லேசா இறங்கக்கூடிய ஃபின்ஸ் ஒண்டு வேணும் அக்கா. படகில போய்க் குதிக்கிறதெண்டால் எதுவும் சரி. நாங்கள் கல்லுக்கு மேலால நடந்தெல்லோ இறங்கிறம். கட்டையா, பின்னுக்குப் பட்டி வைச்சது இருக்கோ? பூட்ஸோட நடந்து போய், இடுப்பளவு தண்ணியில நிண்டுகொண்டு கொழுவிற மாதிரி?"

மனுஷன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கல்லில் நீளமான ஃபின்ஸோடு நடக்க முடியாது. வெறுங்காலோடு போய்த் தண்ணீருக்குள் நின்று போடவும் முடியாது, கல் காலைக் கிழித்துவிடும், அலை நிற்க விடாது. ஸ்பிரிங் பட்டி வைத்த கட்டை ஃபின்ஸ் என்றால் ஒரு இழுவையில் வேலை முடியும்.

அப்படி ஒரு சோடி கடையில் இருந்தது. நான் நின்ற மேசைக்குக் கீழே, என் முழங்காலில் முட்டிக்கொண்டு, பூட்ஸோடு சேர்த்துக் கட்டியபடி இருந்தது. தெற்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சுழியோடப் பழக்குகிற ஒருவர் போனில் சொல்லி வைத்திருந்தார். "இத யாருக்கும் காட்டாதம்மா, அவரு நம்ம நிரந்தர ஆளு" என்று எங்கள் முதலாளி ஸ்ரீனிவாஸ் சொல்லியிருந்தார். முதலாளிக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். சனிக்கிழமை சாப்பாட்டு நேரம் எடுத்தால் அவர் வள்ளென்று விழுவார். எனக்குப் பசி. முன்னால் நிற்கிறவரோ கேள்விமேல் கேள்வி. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"முடிஞ்சுது தம்பி," என்றேன்.

"உள்ளுக்கு ஒருக்கால் பாக்கேலாதோ அக்கா?"

உள்ளே போனேன். சாமான் அறையில் நின்று போத்தலில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். ஒரு பெட்டியை இழுத்துச் சத்தம் காட்டினேன். வெளியே வந்து கையை விரித்தேன்.

"கொட்டாஞ்சேனையில ஒரு ஆளிட்ட இருக்குமெண்டு சொன்னவங்கள், ஒருக்கால் போய்ப் பாப்பம்," என்று அவர் வெளிக்கிட்டார். வாசலை எட்டவில்லை, போன் அடித்தது. "ஓம்... ஓம்... வந்துகொண்டிருக்கிறன். சரி சரி, இருக்கிறதையே எடுத்துக்கொண்டு வாறன்." திரும்பி வந்து அந்த நீளமானதைப் போட்டுப் பார்த்தார். எனக்கு மனது குறுகுறுத்தது. அந்தக் குறுகுறுப்பில்தான் வாயைத் திறந்தேன்.

"இதோட முன்னுக்கு நடக்கப்படாது தம்பி, முனை மடிஞ்சு விழுத்திப் போடும். பின்னுக்கு நடந்து இறங்குங்கோ."

ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்தது. மணல் கரைக்குச் சரியான புத்தி. கல்லுக்கு எப்படி என்று அதில் எழுதியிருக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. "நல்ல விசயம் அக்கா, தாங்ஸ்," என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையே செத்துப்போனார். ஹோட்டல்காரர் வரவேயில்லை. மேசைக்குக் கீழே இருந்ததைப் பத்து நாள் கழித்து வேறு யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

மரண விசாரணைக்குக் கூப்பிட்டபோது முதலாளி தன் காரிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. வழியெல்லாம் புத்தி சொன்னார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. கேக்காததுக்கு வாயத் தொறக்காத. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்னு நம்ம கடை பேரு கெட்டுடும்." நான் தலையை ஆட்டினேன். மேசைக்குக் கீழே இருந்த சோடியைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

ஜனாவோடு இறங்கிய கூட்டாளி இஸ்ஸதீன் முதலில் சாட்சி சொன்னார். பெரிய உடம்பு, ஆனால் குரல் வெளியே வரவில்லை. "அவரு கல்லுமேலேயே ஃபின்ஸப் போட்டுக்கிட்டாரு சேர். தண்ணிக்குள்ள நின்னு அதப் போட ஏலாது. பின்னுக்கு நடந்துதான் எறங்கினாரு. கடையில சொல்லிக் குடுத்தாங்களாம். பின்னால கல்லுக்கு நடுவுல பள்ளம் இருந்தது அவருக்குத் தெரியல்ல. அலையும் வந்துட்டு. தல அடிபட்டுட்டு சேர்." மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். கடையில சொல்லிக் குடுத்தாங்களாம் என்பதையும் விடாமல் சொன்னார்.

என்னிடம் மூன்றே கேள்விகள். இதை விற்றது நீங்களா? ஓம். இதில் குறைபாடு ஏதாவது இருந்ததா? இல்லை. பின்னோக்கி நடப்பது பிழையான முறையா? இல்லை, எல்லோரும் செய்கிறதுதான். சொன்ன மூன்றும் உண்மை. வேறு சோடி இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பார்கள், கேட்பார்கள் என்று கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். "போகலாம்" என்றார்கள். விபத்தால் நேர்ந்த மரணம் என்று முடிந்தது.

வெளியே வந்தபோது ஜனாவின் மனைவி எனக்காக நின்றுகொண்டிருந்தாள். சிவானி என்று சொன்னாள். முப்பது வயது கூட இருக்காது. கழுத்து வெறுமையாக இருந்தது. "அக்கா, ஒரு அஞ்சு நிமிசம் கதைக்கேலுமோ?" என்றாள். எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சட்டத்தரணிகளின் கிளாக்குமார் சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டார்கள். அவள் இரண்டு பிளேன்டீயும் இரண்டு மீன் ரோல்ஸும் சொன்னாள். தன்னுடையதைத் தொடவில்லை.

"அண்டைக்குப் போன் எடுத்தது நான்தான் அக்கா. மாமிக்கு, அவரின்ர அம்மாவுக்கு, பிறந்தநாள். சாப்பாடு ஆறுது, எல்லாரும் காத்துக்கொண்டிருக்கினம், இருக்கிறதை வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு கத்தினனான். கொட்டாஞ்சேனைக்குப் போகப் போறன் எண்டு சொன்னவர். நான்தான் விடேல்லை." கண்ணீர் வரவில்லை. அதெல்லாம் முடிந்து போயிருக்க வேண்டும். "செத்தவீட்டண்டு நானே மாமியிட்டச் சொல்லி அழுதிட்டன். அதுக்குப் பிறகு மாமி என்ர முகத்தைப் பாக்கிறேல்ல. நான் வைச்ச சாப்பாட்டையும் தொடுறேல்ல."

நான் டீயை ஊதி ஒரு மிடறு குடித்தேன்.

"உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். அவர் கேட்ட மாதிரிச் சோடி உண்மையாவே கடையில இருக்கேல்லையோ? இருந்திருந்தால், நான் எவ்வளவு கத்தினாலும், அவர் அதைத்தானே வாங்கியிருப்பார். அதுக்காகத்தான் கேக்கிறன் அக்கா."

கூண்டில் நான் காத்துக்கொண்டு நின்ற கேள்வி இங்கே வந்தது. இருந்தது பிள்ளை, நான் ஒளித்து வைத்திருந்தேன் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அவள் எழும்பி வீட்டுக்குப் போய் மாமியின் முகத்துக்கு நேரே நின்று கதைக்கலாம். தெருவுக்கு அந்தப் பக்கம், முதலாளி காரில் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் என்னை முறைத்துக்கொண்டு நின்றிருந்தாலாவது பழியை அவர் தலையில் போட்டிருப்பேன்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "ஒரு சோடியும் இருக்கேல்லை." அதோடு விட்டேனா, நாசமாய்ப் போன வாய். "உள்ளுக்கும் போய்ப் பாத்தனான்."

சிவானி மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"ஓம், அவரும் சொன்னவர். அந்த அக்கா பாவம், சாப்பாட்டு நேரத்திலயும் உள்ளுக்குப் போய்த் தேடிப் பாத்தவ, நல்ல மனுசி எண்டு." பிறகு, வேறு யாருக்கோ சொல்வது போல, "அப்ப நான்தான்," என்றாள்.

தெருவில் ஒரு முச்சக்கர வண்டிக்காரன் ஹோனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். அவள் தன்னுடைய ரோல்ஸ் இருந்த தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்கோ அக்கா. விடியவே வெளிக்கிட்டிருப்பியள். முகமெல்லாம் வாடிப்போய்க் கிடக்கு."

எனக்குப் பசித்தது. என்னுடையதைச் சாப்பிட்டேன். அவளுடையதையும் சாப்பிட்டேன். ரோல்ஸ் ஆறி, எண்ணெய் விரலில் ஒட்டியது. சிவானி மேசையில் இருந்த கடதாசித் துண்டுகளில் இரண்டை எடுத்து, ஒன்றை என் கையில் தந்துவிட்டு, மற்றதால் என் சேலையில் சிந்தியிருந்த தூளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.