கட் சொன்ன பிறகு

1

இந்தக் கதையில் உண்மை என்று சொல்ல ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கிறது. வீடியோ கேமராவில் இருக்கிற சிவப்புப் பொத்தான். பதிவைத் தொடங்கவும் அதுதான், நிறுத்தவும் அதுதான். அதனால் புதிதாகப் படமெடுக்கிறவர்கள் ஒரு பிழை செய்வார்கள் என்று கேமரா பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் சொன்னார். ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்பே பதற்றத்தில் ஒருமுறை அமுக்கிவிடுவார்களாம். பதிவு ஓட ஆரம்பித்துவிடும். ‘ஆக்‌ஷன்’ என்றதும் மறுபடி அமுக்குவார்கள், நின்றுவிடும். ‘கட்’ என்றதும் அமுக்குவார்கள், ஓடும். இப்படியே நாள் முழுக்கத் தலைகீழாகப் போனால், எடுக்க நினைத்தது ஒன்றுகூட இருக்காது. எடுக்க நினைக்காதது எல்லாம் இருக்கும்.

நண்பர் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அப்படி ஒருநாள் முழுக்கப் பதிவாகிப்போன ஆள் யாராக இருந்தால் — என்று ஆரம்பித்தது. மீதி எல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

“காஞ்சிபுரத்தின் கோபுரங்களின் மேல் காலைச் சூரியன் —” வேண்டாம். இந்த ஊரில் ஆரம்பிக்கிற எல்லாக் கதைக்கும் அந்தச் சூரியன் அழையா விருந்தாளியாக வந்துவிடுகிறது.

“இந்திராணி மிஸ் ரொம்ப நல்லவர்.” நல்லவர்தான். ஆனால் நான் சொன்னால் சிபாரிசு போல இருக்கும்.

“இந்திராணிக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்காது.” இது இருக்கட்டும்.

இந்திராணி சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் எடிட்டராக இருந்தவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறும்படம் எடுக்கச் சொல்லித் தருகிறார். விளையாட்டு வாத்தியாரிடமிருந்து பிடுங்கிய பீரியட் என்பதால் அந்த வாத்தியார் இவரைப் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வீடு செவிலிமேட்டில், புதிதாகக் கட்டிய தெருவில். தனியாக இருக்கிறார்.

(ஏன் தனியாக என்று கேட்பீர்கள். ஒரு கணவரை எழுதி விபத்தில் சாகடித்தேன், அடித்துவிட்டேன். ஒரு மகளை எழுதி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினேன், அதையும் அடித்துவிட்டேன். காரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். சிலர் தனியாக இருக்கிறார்கள், அவ்வளவுதான்.)

மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஞாயிறு அன்று சாயங்காலம் யாராவது போன் செய்தால் இந்திராணி தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ‘ஹலோ’ சொல்வார். காலையிலிருந்து யாரிடமும் பேசாத தொண்டை அது.

3

மாவட்டப் போட்டிக்கான படத்துக்குத் தீபிகாதான் இயக்குநர். நன்றாகப் படிக்கிற பெண், எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் தூக்கம் வராத ரகம். கதையும் அவளுடையது: பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் போனுக்காக ஒரு அம்மா நாள் முழுக்கக் காத்திருக்கிறாள். வசனம் கிடையாது. அமைதியான வீடு ஒன்று வேண்டும்.

அங்கேதான் சிக்கல். தீபிகாவின் வீடு பிள்ளையார்பாளையத்தில். கூடத்திலேயே தறி.

“எங்க அப்பா நிறுத்திடறேன்னு சொல்லிட்டாரு மிஸ்” என்றாள் தீபிகா. “ஆனா பக்கத்து வூட்டுத் தறிய எப்படி நிறுத்தச் சொல்றது? அவங்களுக்குக் கல்யாண ஆர்டர் இருக்குது.”

கேமரா பிடிக்கிற முத்துக்குமார் வீட்டுக்கு எதிரே கோயில் ஒலிபெருக்கி. ஆளாளுக்கு ஒரு சத்தத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

“எங்க வீட்ல சத்தமே இருக்காதுமா. அங்க எடுத்துக்கலாம்” என்றார் இந்திராணி.

[இந்த வசனத்தை எழுதிவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். அவர் அதை ஒரு வசதியைச் சொல்வது போலத்தான் சொன்னார்.]

ஞாயிறு காலை டவுன் பஸ்ஸில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். அம்மாவாக நடிக்க வேண்டிய முத்துக்குமாரின் சித்தி வரவில்லை, ஓரிக்கையில் ஏதோ நிச்சயதார்த்தம். “நீங்களே உக்காந்துடுங்க மிஸ்” என்று தீபிகா சொன்னதும் இந்திராணி மறுக்கவில்லை. சேலைத் தலைப்பின் மடிப்பில் சின்ன மைக்கைக் குத்தினார்கள். மேசை, எதிரே காபி டம்ளர், பக்கத்தில் போன். இந்தக் காட்சியைப் பல கோணங்களில் எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் டம்ளர் அதே இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தை ஒட்டும்போது டம்ளர் இங்கும் அங்கும் குதிக்கும். அதைக் கவனிப்பதும் தீபிகாவின் பொறுப்பு.

மத்தியானத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை முடியவில்லை. டம்ளர் நகர்ந்துகொண்டே இருந்தது.

“கன்டின்யுட்டி யாரும்மா பாக்கறது?” இந்திராணி குரலை உயர்த்தினார். “எடப்பக்கம் இருந்த டம்ளர் வலப்பக்கம் வந்து குந்திக்கினு இருக்குது. டைரக்டர்னா சும்மாவா?”

“நான் சரியாத்தான் பாத்தேன் மிஸ்.”

“பாத்திருந்தா அதுக்கு என்ன, காலு மொளச்சுப்போச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். தீபிகா சிரிக்கவில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டம்ளரின் இடத்தைச் சாண் போட்டு அளந்தாள். அப்படியும் நகர்ந்தது. விளக்குப் போடும் நேரம்வரை படப்பிடிப்பு போனது.

4

திங்கட்கிழமை, பள்ளியின் கம்ப்யூட்டர் அறை. முத்துக்குமார் மெமரி கார்டைச் செருகினான். திறந்த கோப்பு எதிலும் காட்சி இல்லை. ‘ஆக்‌ஷன்’ என்று தீபிகாவின் குரல் கேட்டதும் ஒவ்வொன்றும் முடிந்துபோயிற்று.

“அமுக்கினேன் மிஸ். செவப்பு லைட்டு எரிஞ்சுது மிஸ்.”

“எப்ப எரிஞ்சுது?”

முத்துக்குமார் யோசித்தான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“விடுப்பா. வருஷா வருஷம் ஒருத்தர் பண்றதுதான்” என்றார் இந்திராணி. சொல்லி வாய் மூடுவதற்குள் அவருக்கு வேறு ஒன்று உறைத்தது. காட்சிகள் பதிவாகவில்லை என்றால், என்னவெல்லாம் பதிவாகியிருக்கும்?

(இந்த இடத்தில் எனக்கு இந்திராணி மேல் சந்தேகம். ‘அழிச்சுடுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளைகள் அழித்துவிடுவார்கள். ஒரு வரைவில் அப்படித்தான் எழுதினேன். கதை சுருக்கமாக முடிந்தது. ஆனால் அது இந்திராணி இல்லை. தன்னை யாராவது பார்க்கட்டும் என்று அவருக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்ததோ என்னவோ. எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.)

அடுத்தது ஓடியது. ‘கட்’ என்ற குரல். திரையில் இந்திராணி. பிள்ளைகள் விலகிப் போகிறார்கள். சேலையில் குத்திய மைக்கில் மெல்லிய குரல்: “நல்லா வந்துருக்குது.” உடனே உரத்த குரல்: “சரியா வரலப்பா, இன்னொரு டேக் போலாம்!”

வகுப்பே சிரித்தது.

அதற்கடுத்ததிலும் அதே. “ரொம்ப நல்லா வந்துது” என்று தனக்கு. “இல்லப்பா, இன்னொருக்கா” என்று அவர்களுக்கு. இந்த முறை சிரிப்பு குறைந்தது.

பிறகு சாப்பாட்டு இடைவேளை. கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அடுக்களையில் ஊறுகாய்க்குப் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம். இந்திராணி மேசையில் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முகத்தில் சிரிப்பு. அது மெதுவாக இறங்குகிறது. “போயிடுவாங்க” என்கிறார், யாருக்கும் இல்லாமல். கை டம்ளரை நோக்கி நீள்கிறது.

“நிறுத்துப்பா” என்றார் இந்திராணி.

முத்துக்குமார் நிறுத்தினான். திரையில் கை டம்ளரைத் தொடவில்லை, இன்னும் கொஞ்சம் இருந்தது.

“தீபிகா, டம்ளர நகத்தினது நான்தான். ஒவ்வொரு வாட்டியும். நீ சரியாத்தான் பாத்துக்கினு இருந்த.”

தீபிகாவுக்குக் கோபம்கூட வரவில்லை, முதலில் புரியத்தான் இல்லை.

“ஏன் மிஸ்?”

“முடிஞ்சுதுன்னா கெளம்பிடுவீங்க இல்ல.”

5

முடிவுகள்.

அ. தீபிகா ஓடிவந்து மிஸ்ஸைக் கட்டிக்கொள்கிறாள். பின்னணியில் புல்லாங்குழல் — சீ, வேண்டாம்.

ஆ. தீபிகா வீட்டில் சொல்கிறாள். அப்பா வந்து தலைமையாசிரியரைப் பார்க்கிறார். பீரியட் விளையாட்டு வாத்தியாருக்கே திரும்பிப் போகிறது. இது நடக்கக்கூடியது. நடந்தால் தப்பு என்றும் சொல்ல முடியாது.

இ. பிள்ளைகள் அந்தப் பதிவுகளையே ஒட்டிப் படமாக்குகிறார்கள், முதல் பரிசு. இந்திராணியின் தனிமைக்கு அரங்கமே கைதட்டுகிறது. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் படித்தபோது மூன்றிலும் இதுதான் கொடூரம் என்று பட்டது.

உண்மையில் நடந்தது [என் கற்பனையில்தான்] இவ்வளவு. முத்துக்குமார்தான் முதலில் வாய் திறந்தான். “படத்த மறுபடியும் எடுக்கணுமே. வர ஞாயித்துக்கெழம எங்க எடுக்கறது?”

அதைச் சொல்ல வேண்டியவள் இயக்குநர். எல்லோரும் தீபிகாவைப் பார்த்தார்கள். இந்திராணி மட்டும் பார்க்கவில்லை. நின்றுபோன திரையில் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபிகாவின் பதிலை நான் எழுத மாட்டேன். செய்யாத தப்புக்கு எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவள் அவள். நான் எழுதினால் என் வசதிக்கு மன்னிக்க வைத்துவிடுவேன், எனக்கு இந்திராணியைப் பிடித்துப்போய்விட்டது. உங்களில் யாராவது அப்படித் திட்டு வாங்கி, அழுகையை மறைக்க முகம் கழுவியிருந்தால், நீங்கள் எழுதுங்கள். அந்த உரிமை உங்களுக்குத்தான்.

எழுதுமுன் ஒன்று. அவள் என்ன பதில் சொல்லியிருந்தாலும், சனிக்கிழமை சாயங்காலம் இந்திராணி கடைக்குப் போய் வழக்கத்தைவிட இரண்டு பாக்கெட் பால் கூடுதலாக வாங்குவார். யாரும் வராவிட்டால் அத்தனை பாலை அவர் என்ன செய்வார் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். என்னால் முடியவில்லை.