சாம்பல் நிற வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா என் கணினியில் ஒன்றை நிறுவப் போய்ப் பிறந்த கதை இது. அவள் மருத்துவமனைகளுக்கு நிரல் எழுதுகிறவள். குழந்தையின் எடைக்கு நரம்பில் மருந்து எவ்வளவு ஏற வேண்டும் என்று கணக்குப் போடும் நிரல். நான் கதை எழுதுகிறவன். இருவரும் தட்டச்சு செய்வது ஒரே எடிட்டர் மென்பொருளில்தான், அவள் போட்டுக்கொடுத்தது. ("உன் கதைக்கு இது போதும்டா.")

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இயந்திரம் மனிதனை விழுங்கக் காத்திருந்த அந்த மாலையில்—"

சீ, வேண்டாம். அது யாரையும் விழுங்கவில்லை. அக்காவின் ஆபீசில் எல்லோரும் இன்று காலை ஏஐ உதவியாளரைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்களாம். அக்காவும் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் வந்து எனக்கும் போட உட்கார்ந்தாள். தேடினாள், நிறுவினாள், கணக்கு ஒன்று திறந்தாள். "இந்த ஃபோல்டரைப் படிக்கலாமா?" என்று அது கேட்டதற்கு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று அழுத்தினாள்.

"அடிச்சுப் பாரு. நீ நிறுத்துற இடத்துல மிச்சத்தைச் சாம்பல் எழுத்துல காட்டும். பிடிச்சா டேப்* தட்டு. இல்லைன்னா கண்டுக்காதே."

புதுப் பத்தி என்றால் டேப் தட்டி உள்ளே தள்ளித் தொடங்குவது என் பழக்கம். தட்டினேன். நான் எழுதாத சாம்பல் வரி ஒன்று கறுப்பாகி வந்து உட்கார்ந்துகொண்டது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"நானும் வரியை உள்ளே தள்ள டேப்தான்டா தட்டுவேன். கை பாட்டுக்குத் தட்டும். இன்னைக்குப் பூரா தட்டியிருக்கேன், அந்த மருந்து நிரல்ல."

(* விசைப்பலகையின் இடது ஓரத்து விசை. சுண்டுவிரலுக்கு வாகான இடம், பாவி.)

3

(இங்கே ஒரு நகைச்சுவை இருந்தது. எடுத்துவிட்டேன்.)

"என்ன மாறியிருக்குன்னு பார்க்க முடியாதாக்கா?"

"பார்த்துட்டேன். எல்லா வரியும் என் பேர்லதான் இருக்கு."

"டெஸ்ட் பண்ணித்தானே அனுப்புவாங்க?"

"அந்த டெஸ்ட் நிரலையும் இன்னைக்கு நான்தான் எழுதினேன், அதே டேப் தட்டி."

நாளைக் காலை அந்த நிரலைக் குழந்தைகள் வார்டில் ஏற்றுகிறார்கள்.

"ஆபீசுக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லுக்கா."

"என்னன்னு சொல்லி? நான் எழுதினது எதுன்னு எனக்கே தெரியலைன்னா? பதினாலு வருஷ சர்வீஸ்டா. நானே கண்டுபிடிச்சுடுவேன், சும்மா இரு."

4

இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன்.

அ) தப்பான வரி ஒன்று அகப்படுகிறது. அது இயந்திரம் எழுதியது. அக்கா மூச்சு விடுகிறாள்.

ஆ) தப்பான வரி ஒன்று அகப்படுகிறது. அது அக்காவே எழு

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவள், "ரெண்டாவதைத் தூக்கிடு" என்றாள். தூக்கிவிட்டேன், பாதியில்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தப் பிள்ளையோ, நாளைக்கு அந்த வார்டுக் கட்டிலில் படுத்திருக்கப் போவது.

5

"அக்கா, இந்தக் கதையில ஒவ்வொரு பத்திக்கும் நானும் டேப் தட்டியிருக்கேன். இத்தனூண்டு கதை. திரும்பத் திரும்பப் படிச்சுட்டேன். எந்த வரி என்னுதில்லைன்னு எனக்குத் தெரியலை. எல்லாமே நான் எழுதின மாதிரிதான் இருக்கு."

அவளும் படித்தாள். மெதுவாக, உதடு அசைய. "எனக்கும் தெரியலைடா" என்றாள். போனை எடுத்தாள்.

வாசகரே, இந்தக் கதையில் இயந்திரம் எழுதிய வரி எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தயவுசெய்து இப்போது வாயைத் திறக்காதீர்கள். கண்டுபிடிக்கவே முடியாது என்று சொல்லித்தான் அவளைப் போன் பண்ண வைத்திருக்கிறேன். மணி அடித்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் இன்னும் யாரும் எடுக்கவில்லை.