ஸ்டேப்ளர் அடித்த அத்தியாயம்

மலாக்காவில் புக்கிட் காத்தில் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று, அதாவது ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் உரக்க வாசிக்க, மனத்தை உருக்கும் நாவலாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னது பெற்றோர் குழு. சொன்னதோடு விட்டிருக்கலாம்.

நான் கொண்டுபோன முதல் நாவலில் அப்பா குடிப்பார். மானம் போய்விடும் என்றார்கள். இரண்டாவதில் நாய் செத்துப்போகும். பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது என்றார் குழுவிலிருக்கும் சாந்தி அக்கா. அவருடைய மகன் என் வகுப்பில் மேசைக்கடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஆட்களைச் சுட்டுத் தள்ளுகிறவன். மனம் உருக வேண்டும், ஆனால் கதையில் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. அதற்குப் பள்ளி ஆண்டறிக்கையைத்தான் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு லாரி டிரைவரின் மகளைப் பற்றிய கதை. குழுத் தலைவர் கணேசமூர்த்தி பாச்சாங்கில் டயர் கடை வைத்திருப்பவர். புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கதை நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா அந்த அப்பா செத்துப்போறாரு லா. நம்ம தேவிஸ்ரீ இருக்கால்ல?"

தேவிஸ்ரீ அவருடைய தம்பி மகள், என் வகுப்புதான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய தம்பி, போன வருடம் சிம்பாங் அம்பாட் சாலையில் விபத்தில் இறந்தார். அன்றிலிருந்து தாயும் மகளும் இவர் வீட்டில்தான். பிள்ளை பார்த்தால் அழும் என்று தம்பி படத்தைக்கூட இவர் கழற்றி வைத்துவிட்டார்.

"அவளுக்காகத்தான் சார் இந்தக் கதையை எடுத்தேன்" என்றேன்.

"வேணாம் டீச்சர். தாங்க மாட்டா."

கடைசியில் புத்தகத்துக்குச் சம்மதித்தார்; ஆனால் மறுவாரம் எல்லாப் பிரதிகளிலும் அப்பா சாகும் அத்தியாயத்தை மட்டும் ஸ்டேப்ளர் அடித்து மூடிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன். ஸ்டேப்ளர் அடித்த பக்கத்தைப் பிரிக்காமல் விடும் பதின்மூன்று வயதுப் பிள்ளை மலாக்காவில் இன்னும் பிறக்கவில்லை என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்த இடம் வந்த அன்று தலைவர் மேற்பார்வைக்கு வந்து கடைசி மேசையில் உட்கார்ந்தார். "இந்த அத்தியாயத்துல அப்பா வேலைக்காகத் தூரமா போயிடுறாரு" என்று அவர் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

தேவிஸ்ரீ கையைத் தூக்கினாள். "தூரமா போகல டீச்சர். செத்துட்டாரு. நாங்க எல்லாரும் படிச்சிட்டோம்."

யாரும் சிரிக்கவில்லை.

"நான் வாசிக்கவா டீச்சர்? எங்க வீட்ல அப்பா பேச்சை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிடுறாங்க."

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "வாசிம்மா" என்றேன்.

தடுமாறாமல் வாசித்தாள். கதையில் அந்த அப்பா வீட்டு முனைக்கு வரும்போதெல்லாம் மகளுக்காக ஹாரன் அடிப்பார். அவர் போன பிறகும் அந்தப் பெண் சாயங்காலமானால் வாசலில் வந்து நிற்பாள். அந்த இடத்தில் பின்னாலிருந்து விம்மல் கேட்டது. பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று ஸ்டேப்ளரோடு வந்த மனிதர், முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

தேவிஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். "நிறுத்திடவா பெரியப்பா?"

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"வேணாம்மா, வாசி. உங்கப்பனும் இப்படித்தான் ஹாரன் அடிப்பான். தெருவே எந்திரிச்சிடும்."