ஆறு குடித்த தண்ணீர்

எங்கள் வயலுக்கு அடியில் ஓர் ஆறு இருப்பதாக நிலோஃபர் சொன்ன அன்று, என் வீட்டுக்காரர் துரைராசு மத்தியானம் மோர் ஊற்றிக்கொள்ளாமலே இலையை மடித்துவிட்டார். கல்யாணமான நாளாய் அவர் அப்படி எழுந்தது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான். அது என் தம்பியோடு சண்டை போட்ட அன்று.

நிலோஃபர் நாகப்பட்டினத்துப் பெண். நிலவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். காவிரியும் அதன் கிளைகளும் முன்னொரு காலத்தில் எந்தெந்த வழியாக ஓடின, எப்போது தடம் மாறின என்பதுதான் அவள் படிப்பு. செயற்கைக்கோள் படத்தில் பாபநாசத்துக்குத் தெற்கே பழைய ஆற்றுத் தடம் ஒன்று மங்கலாகத் தெரிகிறதாம். அது எங்கள் வயல் வழியாகத்தான் போகிறதாம். உளுந்து எடுத்து வயல் காய்ந்து கிடந்த சித்திரை மாதத்தில், தலையில் முக்காடும் கையில் ஆளுயரக் கம்பியுமாக வந்து அனுமதி கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் பூமிக்குள் யார் கம்பியை இறக்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான். அவரும் அதைத்தான் கேட்டார்.

"மீத்தேனா?"

"இல்லைங்க ஐயா. மண்ணு எப்படி இருக்குன்னு பாக்கத்தான். கையாலதான் திருகுவேன்."

அவர் கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நுனியில் திருகு இருந்தது, மோட்டார் இல்லை. கையால் திருகி மீத்தேன் எடுத்தால் ஒரு டம்ளர் காப்பிகூடப் போட முடியாது என்று தீர்ப்புச் சொல்லி அனுமதி கொடுத்தார். அதோடு விட்டாரா? பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் போய் வரப்பில் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை வேறு. "பாப்பா, வலது கையை இன்னும் கொஞ்சம் எறக்கிப் புடி" என்று, வாழ்நாளில் அந்தக் கம்பியைத் தொட்டறியாதவர் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே முழங்கை ஆழத்துக்கு வண்டல் மண் வந்தது. அதற்குக் கீழே மணல். திருக திருக மணல்தான் வந்தது. நிலோஃபர் அதையெல்லாம், நீளவாட்டில் பாதியாக அறுத்த ஒரு குழாயில் மேலிருந்து கீழாக வரிசை மாறாமல் அடுக்கினாள். பிறகு மணலைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"பாருங்க ஐயா! ஆத்து மணல்! இங்க ஆறு ஓடியிருக்கு!"

"எப்ப?"

"ஆயிரம் வருஷத்துக்கு மேலயே இருக்கும். லேப்ல பாத்தாதான் சரியாச் சொல்ல முடியும்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "மொதல்ல அந்தக் குழியை மூடும்மா" என்றார்.

சாயந்திரம் நிலோஃபர் விடைபெற வந்தபோது டீ கொடுத்தேன். அவர் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேரத்தை ஆரம்பித்தார்.

"ஆறுன்னு எழுதாத பாப்பா. எழுதினா இது ஆத்துப் புறம்போக்கு ஆயிடும். ஜமாபந்தின்னு நிலக் கணக்குப் பாக்க வேற வராங்க. தாசில்தாரு ஜேசிபியோட வந்து நிப்பாரு."

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி போன ஆத்துக்கு யாருங்க ஐயா ஜேசிபி கொண்டு வருவாங்க?"

"உனக்கு கவர்மென்ட்டத் தெரியாது. ஏரின்னு எழுதிக்க. இல்ல, வேணாம், ஏரியும் புறம்போக்கு. குளம்னாலும் அதே கதிதான்." கொஞ்ச நேரம் யோசித்தார். "கடல்னு எழுதிடேன். கடலுக்கு எவனும் பட்டா கேக்க மாட்டான்."

நிலோஃபருக்குப் புரையேறியது. "கடல்னா மண்ணுல உப்பு இருக்கணுங்க ஐயா."

"உப்புதானே? எத்தனை மூட்டை வேணும்?"

நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். இத்தனைக்கும் அந்த வயலின் பட்டா என் பெயரில் இருக்கிறது. பட்டாக்காரி நிம்மதியாக டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது இவருக்கு என்ன வந்தது? புறம்போக்கு, தாசில்தார், ஜேசிபி எல்லாம் வெறும் சாக்கு. உண்மைக் காரணம் அவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

அந்த வயலில் தண்ணீர் நிற்காது. சாயந்திரம் மடை திறந்து நிரப்பினால் விடியும்போது சேறுதான் இருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் என் தம்பி அன்பரசனின் வயலிலோ தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும். எங்கள் அப்பா அக்காவுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்த நிலம் அது. என் தம்பிதான் வரப்புக்கு அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறான் என்று இவர் முடிவு கட்டினார். ஊரைக் கூட்டினார். அன்பரசன் அய்யனார் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். இவர் அத்தனை பேருக்கு முன்னால், "சூடம் என்ன, கடையில பத்து ரூவாய்க்குக் கெடைக்குது" என்று சொன்னார்.

அது நடந்து பத்து வருடம் ஆகிறது. அன்றிலிருந்து என் தம்பி என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு, அவன் பெண் பெரியவளானதை நான் மளிகைக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மணலைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் பக்கவாட்டில் போகவில்லை, நேரே கீழேதான் போயிருக்கிறது. அவருக்கும் புரிந்துவிட்டது. அதை வாய்விட்டு ஒப்புக்கொள்வதைவிட வயலை அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிடுவார், அப்படிப்பட்ட மனிதர்.

நிலோஃபரை வழியனுப்பும்போது மெல்லக் கேட்டேன். "வரப்புக்கு அந்தப் பக்கமும் ஒரு குழி போடுவியா?"

"நாளைக்கு அங்கதாங்க அம்மா. அந்த ஐயாகிட்டயும் பேசிட்டேன்."

மறுநாள் காலையில் நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டு போகிறேன் என்று கிளம்பினேன். அவர், தான் முருங்கைக்காய் பறிக்க வயலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே வந்தார். எங்கள் வயலில் முருங்கை மரமே கிடையாது.

அன்பரசன் தன் வயலில் நின்றிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. நிலோஃபர் திருகத் திருகக் களிமண் வந்தது. எவ்வளவு ஆழம் போயும் கருத்த, பிசுபிசுத்த களிதான். அவள் நேற்றைய குழாயையும் இன்றைய குழாயையும் வரப்பின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எங்கள் குடும்பக் கதை எதுவும் தெரியாத பெண், பாடம் நடத்துகிற உற்சாகத்தில் பேச ஆரம்பித்தாள்.

"பழைய ஆத்தோட கரை சரியா இந்த வரப்புகிட்ட இருந்திருக்கு. இந்த ஐயா வயல் கரைமேல இருக்கு, அடியில எல்லாம் களி, தண்ணி எறங்காது. உங்க வயல் ஆத்துக்குள்ள இருக்கு. எவ்வளவு தண்ணி விட்டாலும் மணல் குடிச்சிடும்."

அவர் குனிந்து ஒரு குழாயில் மணலைத் தொட்டார், இன்னொரு குழாயில் களியைத் தொட்டார். இரண்டையும் விரல்களில் தேய்த்துப் பார்த்தார். பிறகு வரப்புக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் நிலோஃபரிடம் சொன்னார்.

"பாப்பா, அவர்கிட்டச் சொல்லு. தண்ணியை ஆறுதான் குடிச்சிருக்கு."

நிலோஃபர் மூன்றடி தள்ளி நின்ற என் தம்பியைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், "தண்ணியை ஆறுதான் குடிச்சிருக்குங்க ஐயா" என்றாள்.

அன்பரசனும் அவளைப் பார்த்தே சொன்னான். "ராத்திரி ராத்திரியா டார்ச் லைட்டோட இந்த வரப்பு பூரா நானும் ஓட்டை தேடினேன்னு அவர்கிட்டச் சொல்லும்மா. ஒரு நண்டு வளைகூட இல்ல. கடைசியில எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சுன்னு சொல்லு."

இதை நிலோஃபர் திருப்பிச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அந்தப் பெண் மேலேயே காட்டினார். "ஏம்மா, இதைப் பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்ப நான் ஒன்பதாவது படிச்சிட்டிருந்தேங்க ஐயா."

"அவ வந்து சொல்லியிருந்தாலும் நீங்க நம்பியிருக்க மாட்டீங்க" என்றான் அன்பரசன். இந்தத் தடவை அவரைப் பார்த்து நேராகவே சொன்னான். "நான் சூடம் அணைச்சே நம்பல."

அவர் முகம் சுருங்கிப் போனது. ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பதறியது. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு அவருக்கு.

"நம்பல" என்றார். "நம்பாதது என் தப்புதான் மாப்ளே."

அன்பரசன் குனிந்து, காலில் ஒட்டியிருந்த களிமண்ணை ஒரு குச்சியால் வழித்துப் போட்டான். பிறகு வரப்பைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, நேற்றுப் பார்த்துப் பேசிவிட்டுப் போனவன்போல என்னிடம் கேட்டான்.

"இன்னிக்கு என்னக்கா கொழம்பு?"

விடியற்காலையில் எழுந்து என் கையால் வைத்த குழம்பு. என்ன குழம்பு என்று எனக்கு நினைவே வரவில்லை.

"வந்து பாருடா" என்றேன்.