ஒரு மணிக்குப் பூட்டும் ஆபீஸ்

“மத்தியானம் ஒரு மணிக்கு ஆபீசைப் பூட்டிட்டு எல்லாரும் போய்ப் படுத்துக்கவா? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“கத்தாதடா. எதிர்வீட்டு மாடியில காது ரெண்டு காயுது.”

நான் துணிதான் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சரி, காதையும்தான். எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ் நடத்தும் தம்பிக்கும், அங்கே ஒன்பது பேரை மேய்க்கும் அவன் அக்காவுக்கும் சண்டை வந்தால், ஒரே துண்டை நாலு முறை உதறுவேன்.

அப்போது அவர்கள் கையில் இருந்தது, ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மருந்துச் சீட்டு போடும் மென்பொருள். ஆறு வாரத்தில் கொடுக்காவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். இந்த நேரம் பார்த்துத்தான் எட்டு மணிக்கு வந்து ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்கிறாள் மகராசி.

“ஒரு வருஷப் பதிவை எடுத்துப் பாத்தேன். மத்தியானத்துக்கு மேல எழுதினதுல பாதியை மறுநாள் காலையில நீங்களே அழிச்சிருக்கீங்க.”

“ஆறு வாரத்துல முடியலேன்னா?”

“நான் போயிடறேன். இந்த வாசல் மிதிக்க மாட்டேன்.”

பத்து வருடம் இருவருமாகக் கட்டிய ஆபீஸ். மறுநாள் ஒரு மணிக்கு அக்கா அதைப் பூட்டினாள்.

தெருவே சிரித்தது. ஆரம்பித்து வைத்தது நான்தான் என்பது பொய், இரண்டாவதாகச் சிரித்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு நாள், மீசை என்று நாங்கள் கூப்பிடும் ஊழியர் எல்லாரோடும் ஒரு மணிக்குக் கிளம்பி, தெருவைச் சுற்றிவந்து எங்கள் மாடிப்படியில் லேப்டாப்பைத் திறந்தார்.

“சும்மா வீட்டுக்குப் போனா திருடிட்டுப் போற மாதிரி இருக்கு ஆன்ட்டி. சொல்லிடாதீங்க.”

ஐந்து மணிவரை தட்டினார். நான் மூன்று பேரிடம்தான் சொன்னேன்.

மறுநாள் காலை, வீடு மாறி வந்த பார்சலைக் கொடுக்கும் சாக்கில் உள்ளே நுழைந்தேன். செல்போன்கள் வாசல் பக்கத் தட்டில் கிடந்தன. ஒன்பது பேரில் ஒருவர்கூட நிமிரவில்லை. விசைகளின் சத்தம் மட்டும், ஓட்டுக்கூரையில் தூறல் போல. அக்கா மீசையின் பின்னால் நின்றாள்.

“நேத்து மூணரை மணிக்கு எழுதினதுன்னு பதிவு காட்டுது. நீங்களே படிங்க.”

படித்தார். “ஐயோ, குழந்தைங்க சீட்டுல பெரியவங்க மருந்தளவு போகுது!”

கால் மணி நேரத்தில் பிடுங்கியெறிந்து புதிதாக எழுதினார். நான்கு மணி நேரம் வியர்வை வழிய எங்கள் படியில் கட்டியதை!

“பாத்தீங்களா? மத்தியானம் தூங்குங்க,” என்றாள். அதட்டவே இல்லை.

பார்சலைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். தெருவில் யார் கேட்டும் என்னால் வாய் திறக்க முடியவில்லை. எனக்குக் காய்ச்சலோ என்று விசாரித்தார்கள்.

ஐந்தாம் வாரமே மென்பொருள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு சீட்டில்கூடத் தப்பு வரவில்லையாம். அன்று ஒரு மணிக்குத் தம்பியே பூட்டச் சாவியை எடுத்தான்.

மறுவருடம் மீசை என் நாத்தனார் மகளைக் கட்டிக்கொண்டார். பகலில் வீட்டிலிருக்கும் மாப்பிள்ளை வேறெங்கே கிடைப்பான் என்று நானே பேசி முடித்தேன். அக்கா, அந்த ஆஸ்பத்திரி மருந்தாளரைக் கல்யாணம் செய்துகொண்டு வேற்றூருக்குப் போனாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி தெருமுனைவரை போனவன் தம்பிதான்.