இரண்டாம் மாடிக்காரர்கள் கடனை முடித்தார்கள்

அண்ணனும் தம்பியும் அந்தக் கட்டடத்தில் ஒரே நாளில்தான் வீடு வாங்கினார்கள். அண்ணனுக்கு நான்காம் மாடி, தம்பிக்கு இரண்டாம் மாடி. ஒரே வங்கி, ஒரே அளவு கடன், இருவருக்கும் இருபது வருடத் தவணை. கையெழுத்துப் போட்டுப் போட்டு விரலே மரத்துப்போய்விட்டது என்று இரண்டு ஜோடிகளும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

ஒன்பது வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தம்பி மனைவி லிஃப்ட் வாசலில் அண்ணன் மனைவியான மூத்தவளை நிறுத்தினாள்.

"அக்கா, நேத்து லோனை முடிச்சுட்டோம்."

"முடிச்சுட்டீங்களா? முழுசாவா?"

"முழுசாக்கா. அடுத்த வாரம் பத்திரத்தைத் திருப்பித் தர்றாங்களாம்."

"ரொம்ப சந்தோஷம்" என்று மூத்தவளின் வாய் சொன்னது. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பவள். கண்ணுக்குத் தெரியாத நரம்பைக்கூடத் தடவிப் பார்த்தே பிடித்துவிடுவாள் என்று பெயர். அன்று முதல் ஆளுக்கே மூன்று தடவை குத்தினாள். அந்தப் பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கிணறு தோண்டுறியா?" என்று கேட்டார்.

ஒன்பது வருடமாக அவள் இரண்டாம் மாடியைப் பார்த்துச் சிரித்தவள். கொழுந்தனுக்கு 'சுவிட்ச்' என்று பட்டப்பெயர் வைத்ததே அவள்தான். யார் வீட்டுக்குப் போனாலும், ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து உட்காருவான். எந்திர உதிரி பாகங்கள் வைக்கும் கிடங்கில் அவன் பொறுப்பாளர். வெயிலோ மழையோ, சைக்கிளில்தான் போவான். அவன் மனைவி பகலில் துணிக்கடையில் பேன்ட் நீளம் குறைப்பாள், சாயங்காலம் அதே வேலையை வீட்டில் செய்வாள். இருந்த ஒரே படுக்கையறையை இரண்டு நர்ஸுகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மகளோடு அவர்கள் மூவரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் அவளே முடி வெட்டினாள். மகளின் நெற்றிமுடி எப்போதும் ஒரு பக்கம் ஏறியே இருக்கும்.

நான்காம் மாடியில் சோபா மூன்று முறை மாறிவிட்டது. காரும் இருந்தது. அதற்குத் தனிக்கடன்.

அன்று மாலை கணவனிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. "முடிச்சுட்டானா? கெட்டிக்காரப் பய!"

"நமக்கு இன்னும் பதினோரு வருஷம் இருக்கு. உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"அவன் முடிச்சதுக்கு நான் எதுக்கு வெக்கப்படணும்?"

அவனுக்குப் புரியவில்லை என்பதுதான் அவளை இன்னும் எரித்தது. தன்னோடு சேர்ந்து வயிறெரிய வீட்டில் ஓர் ஆள்கூட இல்லை.

மறுநாள் வேலையிடத்தில், பில் போடும் பெண்ணோடு தேநீர் குடிக்கும்போது பேச்சு அங்கேதான் போனது. அந்தப் பெண்ணின் அண்ணன் அதே கிடங்கில் கணக்கெழுதுகிறவன். அது மூத்தவளுக்கு நன்றாகவே தெரியும்.

"ஒன்பது வருஷத்துலயா? எப்படிக்கா முடிஞ்சுது?" என்று அந்தப் பெண் வாய் பிளந்தாள்.

"எப்படியோ! கிடங்குச் சாவி கையில இருக்கு. வேற என்ன வேணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் மூத்தவளுக்கு எரிச்சலெல்லாம் அடங்கி, நெஞ்சில் ஐஸ் வைத்தாற்போல இருந்தது.

பத்து நாள் கழித்து இளையவள் நான்காம் மாடிக்கு ஏறி வந்தாள். ஒரு கையில் துணிப்பை. கண்கள் வீங்கியிருந்தன.

"அவரை வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்கக்கா. சரக்கையெல்லாம் எண்ணி முடிக்கிற வரைக்கும் வீட்டுல இருக்கணுமாம். அவர் எதையோ வெளியில வித்துட்டாருன்னு யாரோ சொல்லியிருக்காங்க. எந்தக் காசுல கடன் அடைச்சேன்னு கேக்குறாரு மேனேஜர்."

மூத்தவள் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மூணு நாளா அவர் சாப்பிடலக்கா. சுவரைப் பார்த்துப் படுத்தே கெடக்குறாரு. இந்த வரவு செலவு நோட்டையெல்லாம் ஒழுங்குபடுத்தி, மேனேஜருக்கு ஒரு கடிதம் மாதிரி எழுதித் தாங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

துணிப்பையிலிருந்து ஒன்பது நோட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வருடத்துக்கு ஒன்று. மூத்தவள் வேறு வழியில்லாமல் பிரித்தாள். நர்ஸுகள் தந்த வாடகை. எத்தனை பேன்ட், எத்தனை ஜிப். பழைய பேப்பர் போட்ட பணம். மகளின் பல்லுக்குக் கம்பி போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னது ஐந்தாம் நோட்டில் இருந்தது. பக்கத்தில் 'பிறகு' என்று எழுதியிருந்தது. ஆறாவதிலும் 'பிறகு'. ஒன்பதாவதிலும் அதே சொல்.

ஒவ்வொரு வாரமும் ஒரு வரி மட்டும் மாறாமல் வந்தது. 'ஞாயிறு மதியம், அக்கா வீடு. செலவில்லை.'

மூத்தவளின் விரல் அங்கே நின்றது. அடிப்பாவி, என் சோற்றையும் கணக்கில் எழுதினாயா? ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சமைத்ததெல்லாம் கீழே போய் இவர்களுடைய அசலைக் குறைத்திருக்கிறது. அந்தக் கோபத்தில் ஒரு நிமிடம் தன் தப்புக்கூட மறந்துபோனது.

பிறகு அவளுக்கே நினைவு வந்தது. வாரா வாரம் அவர்களைக் கூப்பிட்டது யார்? புது சோபாவைக் காட்ட, புது டிவியைக் காட்ட, 'பாவம், இவங்களுக்கு இதெல்லாம் எங்க' என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே பரிமாற, அவள்தான் கூப்பிட்டாள். இவர்கள் வந்து சாப்பிட்டார்கள், தட்டைக் கழுவி வைத்தார்கள், கூடத்து விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள்.

எதிரே இளையவள் மேஜைமேல் கைகளை வைத்துக் காத்திருந்தாள். நாளெல்லாம் ஊரார் கைகளைப் பிடித்துப் பார்க்கிற மூத்தவள் அந்தக் கையை இதுவரை பார்த்ததில்லை. ஆள்காட்டி விரல் நுனி முழுக்க ஊசி குத்திக் குத்திக் காய்த்துக் கிடந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

"என்னதுக்கா?"

"கிடங்குச் சாவி கையில இருக்குன்னு. எங்க பில் போடுற பொண்ணுகிட்ட."

இளையவள் மேஜையிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டாள். பிறகு, "அவர் எடுத்திருப்பாருன்னு நீங்க நெசமாவே நெனச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒரு நாளும் நெனச்சதில்ல."

"அப்புறம் ஏன்?"

"பொறுக்கல."

இளையவள் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். கத்துவாள், திட்டுவாள் என்று மூத்தவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "வர்றேன்" என்றுகூடச் சொல்லாமல் அவள் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் மூத்தவள் விடுப்புப் போட்டுவிட்டு நேரே கிடங்குக்குப் போனாள். மேனேஜரின் கண்ணாடி அறையில், கணக்கெழுதுகிறவனையும் வைத்துக்கொண்டு, தான் வாய்க்கு வந்ததைச் சொன்னதாகவும் அதில் துளி உண்மை இல்லை என்றும் சொன்னாள். எழுதியும் கொடுத்தாள். மேனேஜர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"உங்க வீட்டுப் புகைச்சலுக்கு என் கிடங்கை நாலு நாள் மூட வெச்சிட்டீங்களேம்மா. அத்தனை அலமாரியும் எண்ணியாச்சு. ஒண்ணு குறையல. ஒரு பெட்டி நட்டு அதிகமாத்தான் இருக்கு!"

திங்கட்கிழமை கொழுந்தன் வேலைக்குத் திரும்பினான். பில் போடும் பெண் அவளோடு தேநீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள். கணவன் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான். "என் தம்பியவா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் மேலே வரவில்லை. சமைத்தது மிஞ்சிப் போனது. நர்ஸுகள் காலி செய்துவிட்டார்கள் என்றும் மகளுக்கு அந்த அறையைக் கொடுத்துவிட்டார்கள் என்றும் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. ஒருநாள் லிஃப்டில் கொழுந்தன் மகள் "பெரியம்மா" என்று சிரித்தாள். பல்லில் கம்பி மின்னியது. மூத்தவள் அவள் கன்னத்தைத் தட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த மாடிக்குள் மனசு கம்பி என்ன விலை என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து நான்காம் மாடிக்காரர்கள் காரை விற்றார்கள். அதன் கடன் போகக் கொஞ்சம் மிஞ்சியது. அதை வீட்டுக் கடனில் எப்படிக் கட்டுவது என்று கணவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஆள் கட்டடத்திலேயே ஒருத்திதான் இருந்தாள்.

மூத்தவள் இரண்டாம் மாடிக்கு இறங்கி, மணியடித்தாள். இளையவள் கதவைத் திறந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. பின்னால் கூடத்தில் புதிதாக ஒரு கட்டில் தெரிந்தது. நல்ல மரம், நல்ல விலை இருக்கும். மூத்தவளின் வயிற்றில் பழைய இடத்திலேயே சுருக்கென்றது. அவள் அதை விழுங்கிக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னாள்.

இளையவள் உள்ளே வரச் சொல்லவில்லை. ஆனால் கதவையும் சாத்தவில்லை.

"சும்மா கட்டிட்டு வந்துடாதீங்க. அடுத்த தவணைக்குன்னு எடுத்து வெச்சுக்குவாங்க. அசல்ல குறைக்கணும்னு எழுதிக் குடுத்து, சீல் வாங்கிக்குங்க" என்றாள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "மாசக் கடைசியில போகாதீங்க, கூட்டமா இருக்கும்" என்றும் சேர்த்துச் சொன்னாள்.