பங்களாவின் முன்வாசல்

கிழக்கு வெளுக்குமுன் அவித்த நெல்லைக் களத்தில் சேர்த்தாக வேண்டும். நெல் அவிக்கும் தொட்டியின் அடிக்கதவைத் திறந்தால் ஆவி முகத்தில் அறையும். கூடையில் ஏந்திய சூடு சும்மாட்டைத் தாண்டி உச்சந்தலையில் இறங்கும். ராஜாம்பாள் நெல்லைக் கொட்டி, வெறுங்காலால் கோடு கோடாய்த் துழாவி நடந்தாள். வெந்து வெந்து காய்த்துப்போன பாதம். சுடுவது இப்போதெல்லாம் அவளுக்குத் தெரிவதே இல்லை.

செஞ்சியை ஒட்டிய அந்த அரிசி மில்லின் பின்புறம், தொழிலாளர் லைனில் மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான். மற்ற வீடுகள் கூரை விழுந்து கிடந்தன. புருஷன் செத்துப்போனான், மகள் மகாலட்சுமி திருப்பூரில். கூட வேலை செய்யும் பெண்கள் அனந்தபுரம் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போய்விடுவார்கள். பாய்லர் அடங்கியபின் பேச ஒரு குரல் இராது. குழம்பை நக்கிப் பார்த்து, "உப்பு கம்மி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

முன்பக்கம் பங்களா. மில்லைத் தொடங்கிய பெரியவர் கட்டியது. பர்மா தேக்குத் தூண்கள், பூப்போட்ட தரை. பேரன் விமல்ராஜ் அதைப் புதுப்பித்து ஊர் பார்க்கத் திறந்துவிட்டிருந்தான். கோட்டை பார்க்க வருகிறவர்கள் இதையும் பார்த்து, வாழையிலையில் சாப்பிட்டு, ஜன்னல் வழியே களத்தைப் படம்பிடித்துப் போனார்கள். கல்யாணமாகி வந்த நாளாய் அங்கே உழைத்தும், ராஜாம்பாள் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், துருவேறிய தொட்டிக்கதவு பிய்த்துக்கொண்டு விழுந்தது. கொதிநீரும் நெல்லுமாய்த் தமிழினியின் காலில் கொட்டியது. இருபது வயசுப் பெண்; அலறிக்கொண்டு சாய்ந்தாள்.

"தண்ணி ஊத்துங்கடி! மேஸ்திரி, வண்டிய கூப்புடு!" என்று கத்தினாள் ராஜாம்பாள்.

மேஸ்திரி பெரியதம்பி கையைப் பிசைந்தான். "பின்வாசல் பூரா காரு நிக்குதுக்கா. டிரைவருங்கள தேடணும்."

"அப்ப முன்னால தூக்கினு போலாம்."

"ஐயோ, கெஸ்டுங்க சாப்புட்றாங்க. சார் என்னத்தான் கேப்பாரு."

தமிழினியை ராஜாம்பாள் தோளோடு அணைத்துத் தூக்க, கூட வேலை செய்யும் ஜெயசுதா காலைத் தாங்கினாள். பங்களாவின் கூடத்துக்குள் நுழைந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் இலைமேலேயே நின்றன. சுவர் நிறையப் படங்கள்: பெரியவர், முதல் பாய்லர், முதல் லாரி. உழைத்தவர் முகம் ஒன்றுகூட இல்லை. ஒரு அம்மாள் கை கழுவாமலே எழுந்தாள். "எங்க கார் வாசல்லதான் நிக்குது, வாங்க!"

தமிழினியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாயங்காலம் விமல்ராஜ் லைனுக்கே வந்தான். பெரியதம்பி பின்னால் நின்றான்.

"இத்தன பேர் எதிர்ல என் மானத்த வாங்கிட்டீங்களே. ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கறவரைக்கும் அந்தப் பொண்ணு தாங்குமா சார்?"

"அவ பாத்து வேல செஞ்சிருக்கணும்."

"கதவு துருப்புடிச்சிப் போச்சின்னு எத்தினி வாட்டி சொன்னோம்? நீங்க தூணுக்கு வார்னிஷ் அடிச்சீங்க."

அவன் குரல் உயரவில்லை. "இந்த லைன இடிச்சிட்டு கார் நிறுத்த எடம் பண்றோம். ரூம காலி பண்ணிட்டு பொண்ணு வூட்டுக்குப் போயிடுங்க. நாளைலேருந்து வேலைக்கும் வேணாம்."

மகளுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "வாம்மா" என்றாள் மகாலட்சுமி. அங்கே தான் பாரம்தான் என்று ராஜாம்பாளுக்குப் புரிந்தாலும் வேறு போக்கிடம் இல்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். இத்தனை வருஷ வாழ்க்கை ஒரு சாக்குக்குள் அடங்கியது.

விடிந்தது. பாய்லர் சத்தம் கேட்கவில்லை. அனந்தபுரம் பஸ் வந்து போன சத்தம் மட்டும் கேட்டது. வாசலில் நிழல்கள் விழுந்தன.

"அக்கா, மூட்டைய பிரி" என்றாள் ஜெயசுதா. அவளுக்குப் பின்னால் மற்ற பெண்கள் எல்லோரும் நின்றார்கள். ஓரமாய்ப் பெரியதம்பி, யார் முகத்தையும் பார்க்காமல், "நான்தான்க்கா இவங்களுக்கு போன் பண்ணி சொன்னேன்" என்றான்.

யாரும் களத்துக்குப் போகவில்லை. பங்களாவைச் சுற்றி வந்து முன்வாசல் படியில் வரிசையாய் உட்கார்ந்தார்கள். விமல்ராஜ் வெளியே வந்தான்.

"இன்னா இது? கெஸ்டுங்க வர்ற நேரம்."

"வரட்டும் சார், அவங்களும் கேக்கட்டும்" என்றாள் ஜெயசுதா. "தமிழினிக்கு வைத்தியம் நீங்கதான் பாக்கணும். தொட்டிய மாத்தணும். இந்த அக்கா எங்கியும் போவாது."

"ஒவ்வொருத்தரா உள்ள வாங்க. பேசுவோம்."

ராஜாம்பாள் நிமிர்ந்தாள். "தனித்தனியா பேசினதுலதான் சார் இந்த கதிக்கு வந்தோம். எல்லாருகிட்டயும் இங்கியே பேசுங்க."

அவன் செல்போனைக் காதில் வைத்தபடி உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுந்தது. போலீஸ் வருமோ என்னவோ. வெயில் படியில் ஏறிக்கொண்டிருந்தது. சாலையில் அடுத்த மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கூடையோடு உள்ளே வந்து, "இன்னாக்கா ஆச்சி?" என்றாள்.

"சொல்றேன், குந்து" என்று ராஜாம்பாள் நகர்ந்து இடம் விட்டாள்.